கடற்காற்று பட்ட பனங்கட்டி

ஒஸ்லோவுக்கு வந்து ஆறு நாளாகியும் கனகலிங்கத்துக்கு நோர்வே இன்னும் கண்ணில் படவில்லை.

பார்த்ததெல்லாம் வீடுகள்தான். தங்கச்சி தவநாயகி வாங்கிய புது வீட்டுக் குடிபூரலுக்கென்று லண்டனிலிருந்து வந்தவரை, குடிபூரல் முடிந்த கையோடு வீடு வீடாக விருந்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வீட்டில் இடியப்பம், அடுத்த வீட்டில் பிட்டு, அதற்கடுத்த வீட்டிலும் பிட்டு. எங்கே போனாலும் அதே சோபா, அதே சாமிப்படம், யாரோ ஒருவரின் அதே கலியாண வீடியோ. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் வான் வண்டிக்குள் இருந்தபோது கண்ணாடி முழுக்கப் பனிமூட்டம். அதற்கு அந்தப் பக்கம் நோர்வே இருந்திருக்கலாம்.

இது அவருக்குப் பெரிய மனக்குறை. லண்டனில் அவர் தபால் பிரிக்கும் வேலை செய்தார். ஒரு கிழமை லீவு கொடுத்த வெள்ளைக்கார சூப்பர்வைசர், அந்த நாடு எதற்குப் பேர்போனது என்று வந்து தனக்குச் சொல்லவேண்டும் என்று பகிடியாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மேலதிகாரி பகிடி விட்டாலும் அதை உத்தரவாக எடுத்துக்கொள்கிற மனிதர் கனகலிங்கம். போன வீடெல்லாம் விசாரித்தார். ஒரு வீட்டில் குளிர் என்றார்கள். இன்னொரு வீட்டில் அரசாங்கம் கொடுக்கிற பெனிபிட் காசு என்றார்கள். வடக்கே மீன் தொழிற்சாலையில் ஆறு வருஷம் மீன் வெட்டிய தங்கச்சி புருஷன் தியாகராஜா, மீன் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, அதைப் பற்றி மேற்கொண்டு பேச்சு வேண்டாம் என்பதுபோல எழுந்து போய்விட்டார்.

புறப்படுகிற அன்று தவநாயகி ஒரு நல்ல சேதி சொன்னாள்.

"அண்ணை, அம்மா ஊரிலையிருந்து ஒராளிட்டைப் பனங்கட்டி குடுத்துவிட்டவ. வழியிலை இளகி ஒண்டோடை ஒண்டு ஒட்டிப்போச்சு. அதைக் காய்ச்சிப் பாண் சுடுற தட்டிலை ஊத்தி, கட்டியா எடுத்து வைச்சிருக்கிறன். முழுக்கக் கொண்டுபோங்கோ."

கனகலிங்கத்துக்கு வாயெல்லாம் பல். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு அது. சண்டையில் பாதை மூடிக் கிடந்த யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கடிதம் வந்து சேர்வதே பெரிய காரியம். பனைவெல்லம் வந்திருக்கிறது என்றால், அதைத் தேத்தண்ணியோடு கடித்துக்கொள்வதற்கு லண்டனில் ஆட்கள் ஷிப்டை மாற்றிக்கொண்டு வருவார்கள்.

விமானநிலையத்துக்கு வெளிக்கிட்டபோது ஒரே அவதி. தியாகராஜா அங்கிருந்து நேரே தன் பொஸ்ஸின் பிரியாவிடை விருந்துக்குப் போகவேண்டும் என்று கோட்டும் டையுமாக நின்று எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். வான் புறப்படுகிற நேரத்தில் பனங்கட்டியின் ஞாபகம் வந்து அவரே உள்ளே ஓடினார். பிரிட்ஜிலிருந்து வெள்ளித்தாள் சுற்றிய பொதியைக் கொண்டுவந்து மச்சானின் கையில் திணித்தார்.

லண்டன் பிளேஸ்டோ வீட்டில் மனைவி வசந்தமலர் பொதியை அவிழ்த்தாள். செங்கல் போல மண்ணிறத்தில் அழகான கட்டி. ஒரு ஓரத்தைச் சுரண்டி வாயில் போட்டவளின் நெற்றி சுருங்கியது. கொஞ்சம் உவர்ப்பதாகவும் மணம் ஒரு மாதிரி இருப்பதாகவும் சொன்னாள்.

"சண்டைக்குள்ளாலை வந்த சாமான். உனக்கு மணமும் வேணுமோ?" என்றார் கனகலிங்கம்.

அந்தச் சனிக்கிழமை வால்தம்ஸ்டோவிலிருந்து தில்லையம்பலம் வருவதாக இருந்தது. அதை நினைத்து வீடே ஒரு மாதமாகக் கிலி பிடித்துக் கிடந்தது.

கனகலிங்கத்தின் ஒரே மகள் சிவாஜினியும் தில்லையம்பலத்தாரின் மகனும் ஒரே ஆஸ்பத்திரியின் மருந்துப் பகுதியில் வேலை. இருவரும் தங்களுக்குள் எப்போதோ முடிவெடுத்துவிட்டார்கள். சாதகமும் பொருந்தியது. குறுக்கே நின்றது தில்லையம்பலத்தார் மட்டுமே. ஊரில் முப்பது வருஷம் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். ஓய்வெடுத்த பிறகும் கையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காதவர். பெண்ணில் குறையில்லை, ஆனால் வீட்டைப் பார்க்கவேண்டும் என்றிருந்தார். குறை தேடித்தான் வருகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். மகள் கேட்டுக் கனகலிங்கம் எதையும் இல்லையென்று சொன்னவரல்ல. இது அவள் கேட்டதிலேயே பெரிய சாமான். எப்படியாவது வாங்கிக் கொடுத்துவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

வந்தவர் வாசலிலேயே தொடங்கினார். வீடு வடக்குப் பார்க்கிறது. பஸ் சத்தம் அதிகம். கார்ப்பெற் நல்லதுதான், நிறம்தான் சரியில்லை. கனகலிங்கம் ஒவ்வொன்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிக் களைத்துப்போனார்.

அப்போது வசந்தமலர் வெறும் தேத்தண்ணியோடு ஒரு தட்டில் பனங்கட்டித் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

தில்லையம்பலம் ஒரு துண்டைக் கடித்து, ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தார். அப்படியே கண்ணை மூடினார். சரி, காரியம் கெட்டது என்று கனகலிங்கம் நினைத்தார். கண் திறந்தபோது அது கலங்கியிருந்தது.

"இது எங்கடை பகுதிப் பனங்கட்டி. கடற்காத்துப் பட்ட பனை. அந்த உப்பு இருக்குப் பாத்தியளோ, நாக்கிலை வைச்ச உடனை நான் சொல்லிப்போடுவன்."

கனகலிங்கத்தின் ஊருக்கும் கடலுக்கும் ஏழு மைல். ஆனால் சம்பந்தம் கூடிவருகிற நேரத்தில் கடலைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்தால் ஒன்றும் குறைந்துவிடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்.

தில்லையம்பலம் தட்டைக் காலி செய்தார். இப்படியொரு சாமானைத் தேடி வைத்திருக்கிற வீட்டில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்றார். மூன்று கிழமையில் கலியாணப் பதிவு எழுத்தை வைக்கலாம், கையெழுத்து முடிந்ததும் இந்தப் பனங்கட்டி போட்டுச் சர்க்கரைப் பொங்கல் பரிமாறவேண்டும், தன் சொந்தக்காரர் நாற்பது பேரைக் கூட்டிவந்து அவர்களுக்கு ருசி என்றால் என்னவென்று காட்டப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சிவாஜினி சமையலறைக்குள் ஓடி அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சிவாஜினி சோபாவில் படுத்துக்கொண்டு ஒரு விமானச் சஞ்சிகையைப் புரட்டினாள். விமானத்தில் சும்மா கிடைக்கிற எதையும் கனகலிங்கம் விட்டுவிட்டு வந்ததில்லை. அதில் இதுவும் ஒன்று.

"அப்பா, நோர்வே எதுக்குப் பேர்போனதெண்டு இதிலை போட்டிருக்கு," என்றாள். "ஆட்டுப்பாலைத் திரிச்சு, தெளிஞ்ச தண்ணியைக் காய்ச்சிக் காய்ச்சி எடுக்கிற ஒரு சீஸ். நல்ல மண்ணிறமாம். இனிப்பாம். கொஞ்சம் உப்பாம்."

சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. படத்தைக் கனகலிங்கமும் பார்த்தார். செங்கல் போல அழகான கட்டி.

மூன்று பேரும் பிரிட்ஜைத் திறந்து மிச்சக் கட்டியைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சிவாஜினி ஒரு துண்டு வெட்டி மெதுவாகச் சப்பினாள்.

"அப்பா, இது சீஸ்."

நோர்வே எதற்குப் பேர்போனது என்பதை, ஒரு கிழமை நோர்வேயில் இருந்துவிட்டு வந்த கனகலிங்கம், பிளேஸ்டோவில் தன் வீட்டு பிரிட்ஜுக்கு முன்னால் நின்றுதான் கண்டுபிடித்தார். சந்தோஷப்படத்தான் முடியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள் வசந்தமலர். சிவாஜினி வேண்டவே வேண்டாம் என்றாள். அந்த மனிதர் பிழைவிட்டதாக ஒத்துக்கொண்டதை அவர் மகனே ஒருநாளும் கண்டதில்லையாம். சீஸைக் கடித்துக் கண் கலங்கியது வெளியே தெரிந்தால், கலியாணத்தை நிறுத்துவாரே தவிரத் தன் நாக்கைக் குறை சொல்லமாட்டார்.

கனகலிங்கம் வேறு வழி யோசித்தார். உண்மையான பனங்கட்டியையே தேடிப் பிடித்துவிட்டால் பிழை தானாகச் சரியாகிவிடும் அல்லவா? அப்டன் பார்க்கில் மீன்கடை வைத்திருந்த கஸ்பரிடம் போனார். கஸ்பரின் மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்த பனங்கட்டி, ஓலையில் இழைத்த சின்னப் பெட்டியான குட்டானோடு வீட்டில் இருப்பது அவருக்குத் தெரியும். கஸ்பர் அதைத் தாலிக்கொடி போலப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். மகளின் வாழ்க்கை என்று மன்றாடி, ஒரு மணி நேரம் கடையில் நின்று மீன் கழுவியும் கொடுத்து, கனகலிங்கம் இரண்டு குட்டான் வாங்கினார். எழுத்துக்கு முன் ஒருதரம் ருசி பார்க்கட்டும் என்று அன்றே வால்தம்ஸ்டோவுக்குக் கொண்டுபோனார்.

தில்லையம்பலம் ஒரு துண்டைக் கடித்தார். தட்டைத் தள்ளி வைத்தார்.

"இதைப் பனங்கட்டி எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஊரிலையிருந்து வந்தது, அண்ணை. குட்டானைப் பாருங்கோ."

"குட்டானை ஆரும் இழைக்கலாம். உங்களை ஆரோ நல்லா ஏமாத்திப் போட்டாங்கள். அந்த உப்பு எங்கை? அந்த மணம் எங்கை?" என்று கேட்டவர், கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "இல்லாட்டி நல்லதை வீட்டுக்குள்ளை ஒளிச்சுப்போட்டு இதைக் கொண்டுவந்தியளோ?"

பனங்கட்டியை ஒளிக்கிற குடும்பம் வேறு எதையெல்லாம் ஒளிக்கும் என்று தில்லையம்பலம் உரத்து யோசிக்கத் தொடங்கினார். கடைசியில், எழுத்துக் காரியத்தைக் கொஞ்சம் ஆறப்போட்டு யோசிப்பம் என்றார்.

கலியாணப் பேச்சில் "யோசிப்பம்" என்ற சொல்லுக்குப் பிறகு யாரும் யோசித்ததாகச் சரித்திரம் இல்லை. அது தெரிந்த கனகலிங்கம், தன்னை அறியாமலே ஒரு பொய்யைச் சொன்னார். அந்த நல்ல பனங்கட்டி தங்கச்சியிடம் இருக்கிறது, எழுத்துக்கு வரும்போது அஞ்சு கிலோ கொண்டுவருகிறாள் என்றார்.

"அப்ப சரி," என்றார் தில்லையம்பலம்.

வீட்டுக்கு வந்ததும் ஒஸ்லோவுக்குப் போன் போட்டார். சீஸ் கதையை அவர் சொல்லி முடிக்கு முன்பே தவநாயகி சிரிக்கத் தொடங்கிவிட்டாள். அவர் அழாக்குறையாக அஞ்சு கிலோ சீஸ் கேட்டார். கொண்டுவாறன் என்றாள். அப்படியானால் அம்மா அனுப்பிய பனங்கட்டி எங்கே என்று கேட்டதும் அவளுடைய சிரிப்பு இன்னும் கூடியது. அதை நேரில்தான் சொல்லலாம் என்று போனை வைத்துவிட்டாள்.

எழுத்து நாள் வந்தது. பிளேஸ்டோவில் ஒரு சின்ன மண்டபம். முதல்நாளே வந்திறங்கிய தவநாயகியின் பெட்டியில் அஞ்சு கிலோவும் பத்திரமாக இருந்தது. வெறும் பால்தான், வேறொன்றும் கலப்பில்லை என்று சிவாஜினி லேபலை வாசித்துச் சொன்ன பிறகே வசந்தமலர் அதைப் பொங்கலுக்குள் போட்டாள். போட்டதும் இளகி, அரிசியோடு சேர்ந்து பளபளவென்று வந்தது. பிள்ளையாரே, நீர் ஒன்றும் கண்டுகொள்ளாதேயும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

சிவாஜினி கையெழுத்து வைத்துவிட்டு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நூறு மீன் கழுவலாம் என்று கனகலிங்கத்துக்குத் தோன்றியது. கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பொங்கல் பரிமாறப்பட்டது. தில்லையம்பலம் எழுந்து நின்று, நாற்பது சொந்தக்காரருக்கும் கடற்காற்றையும் பனையையும் பற்றி ஒரு வகுப்பே எடுத்தார். எல்லாரும் ருசித்து ஆமோதித்தார்கள். ஒருவர் ஒருபடி மேலே போய், இது எந்தக் காணியில் நிற்கிற பனை என்றே தன்னால் சொல்ல ஏலும் என்றார். கஸ்பர் மட்டும் ஒரு வாய் வைத்துவிட்டுக் கனகலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சனம் கலைந்த பிறகு, மண்டபத்துச் சமையலறையில் பானை கழுவிக்கொண்டிருந்த தங்கச்சியிடம் கனகலிங்கம் போனார்.

"இப்ப சொல்லு. அம்மான்ரை பனங்கட்டிக்கு என்ன நடந்தது?"

"எங்கடை இவர் அவசரத்திலை பொதியை மாறித் தூக்கிப்போட்டார், அண்ணை. பிரியாவிடைப் பரிசெண்டு பண்ணைச் சந்தையிலை வாங்கி வெள்ளித்தாளிலை சுத்தியிருந்த சீஸ் உங்களிட்டை வந்திட்டுது. பனங்கட்டி இவரின்ரை பொஸ்ஸிட்டைப் போயிட்டுது."

கனகலிங்கம் தலையில் கை வைத்தார். "அந்த வெள்ளைக்காரன் என்ன சொன்னவன்?"

தவநாயகி பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கண் கலங்கிப்போச்சாம், அண்ணை; இது கடைச் சீஸ் இல்லை, தங்கடை மலையிலை மேஞ்ச ஆட்டின்ரை பால், நாக்கிலை வைச்ச உடனை சொல்லிப்போடுவன் எண்டவராம், இப்ப தன்ரை மகளின்ரை கலியாணத்துக்கு அதிலைதான் அஞ்சு கிலோ வேணுமெண்டு எங்கடை வாசலிலை வந்து நிக்கிறார்."