கோடு போன கத்தி

"கோடு எங்க ஆசாரி?"

முக்தார் அகமது சாயபு கத்தியை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். கத்தி பளபளவென்று இருந்தது. அதில் சாயபுவின் தாடி தெரிந்தது, தாடிக்கு மேலே துடிக்கிற உதடும் தெரிந்தது.

"எந்தக் கோடு சாயபு?" என்றார் கோதண்டபாணி ஆசாரி. "கறை கறையா, அலை அலையா இருந்துச்சே, அதுவா? ஒரு பொழுது பூரா ஒக்காந்து தேச்சு எடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, லேசுல போவல."

ஆசாரியைச் சொல்லிக் குற்றமில்லை. ஆம்பூர்த் தோல் கிடங்குகளுக்குக் கத்தி அடித்தே பழகிய கை. கத்தியில் கடுகளவு கறை இருந்தாலும் தோலில் கருப்புத் தடம் விழும். மேஸ்திரி கத்தியை ஆசாரியின் முகத்திலேயே விட்டெறிவார். அதனால் அவர் கைக்கு வந்த எந்த இரும்பும் கண்ணாடியாகத்தான் திரும்பும்.

சாயபு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"யா அல்லா! அது கறை இல்லய்யா, ஜௌஹர்! ரெண்டு வித இரும்ப அடுக்கடுக்கா மடிச்சு அடிச்சா வர்ற கோடு. வாணியம்பாடி சம்பந்தியோட பாட்டன் காலத்துக் கத்தி. நிக்காஹ் அன்னிக்கு மாப்பிள்ள இடுப்புல செருகணும். உறை கிழிஞ்சிருக்குது, புதுசு தெச்சுத் தர்றேன்னு நான்தான் பெருமையா வாங்கியாந்தேன். கூடவே தீட்டிடலாம்னு உன்னாண்ட குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்!"

"இப்ப இன்னா செய்யறது?"

"வெள்ளிக்கெழம சம்பந்தி வர்றார். கோடு இல்லாத கத்தியப் பாத்தார்னா என் பொண்ணு ஃபரீதா கல்யாணம் நின்னுடும். கல்யாணம் நின்னா இந்த ஊர்ல ஒருத்தனும் உன் கத்தியத் தொடமாட்டான். அதே மாதிரி புதுசா ஒண்ணு அடி. அளவுக்கு இது இங்கியே கெடக்கட்டும்."

ஆசாரி பழைய கத்தியைப் பலகை மேல் போட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த உலையை மூட்டினார். தேய்ந்த அரத்தையும் வண்டிப்பட்டை இரும்பையும் மாற்றி மாற்றி அடுக்கினார். அடுக்குகள் ஒட்டுவதற்கு வெங்காரம் தூவிப் பழுக்கக் காய்ச்சி அடித்தார். மடிக்கும்போது அடுக்கு பிளந்து வாயைத் திறந்தது. ஆசாரியும் வாயைத் திறந்தார். அதிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது.

அடுத்த கத்திக்கு இரும்பு போதவில்லை. கிணற்று வாளிச் சங்கிலி உலைக்குப் போனது.

"தண்ணி எப்பிடிய்யா சேந்தறது?" என்று கத்தினாள் அவர் மனைவி கெங்கம்மாள்.

இந்த முறை அடுக்கு ஒட்டியது, மடிந்தது, கத்தியும் ஆனது. தேய்த்துப் பார்த்தால் கோடு இல்லை. இன்னும் தேய்த்தார். அவர் மூக்குதான் தெரிந்தது.

"உள்ள இத்தினி அடுக்கு இருக்குதே, வெளிய வந்து தொலைஞ்சா இன்னா உனக்கு?" என்று கத்தியையே கேட்டார். பெரிய பேஜாராகப் போய்விட்டது.

இரும்புதான் சரியில்லை, நல்ல எஃகு வேண்டும் என்று முடிவு கட்டினார். அடுப்படியில், மாங்காய்க் கூடைக்குப் பக்கத்தில், கெங்கம்மாளின் அரிவாள்மனை இருந்தது. பிறந்த வீட்டுச் சீர். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போன நேரம் அதுவும் உலைக்குள் போயிற்று.

"அருவாமனை எங்கய்யா?"

"கல்யாணக் காரியம்டி, வாய மூடு."

"எவன் வூட்டுக் கல்யாணத்துக்கு என் சீர உருக்கின? ஊறுகாய்க்கு மாங்கா வாங்கி வெச்சிருக்கறேன். பல்லால கடிச்சுப் போடவா?"

அதையும் அடித்தார், மடித்தார், தேய்த்தார். முன்னதைவிடப் பளபளப்பு ஜாஸ்தி. அதில் பார்த்தே முகச்சவரம் செய்துகொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே சாயபு ஓடிவந்தார்.

"சம்பந்தி ரயில்ல வந்து எறங்கிட்டார். குடு, குடு."

ஆசாரி புதுக் கத்தி இரண்டையும் நீட்டினார்.

"கோடு?"

"நம்மால ஆவல சாயபு. நானே வந்து அவர் கால்ல விழுந்து சொல்லிடறேன்." ஆசாரியின் கண் கலங்கிவிட்டது.

சாயபு புதுக் கத்திகளை ஓரமாகத் தள்ளினார். "அந்தப் பழசயாவது குடு. கொண்டுபோய் முன்னால வெச்சுடறேன். அப்புறம் அல்லா விட்ட வழி."

ஆசாரி பலகையைத் தடவினார். கத்தியைக் காணோம்.

"அடியே! பலகை மேல இருந்த சாயபு கத்தி எங்கடி?"

கெங்கம்மாள் அடுப்படியிலிருந்து கத்தியும் கையுமாக வந்தாள்.

"அருவாமனையத்தான் முழுங்கிட்டியே, நேத்தெல்லாம் இதாலதான் மாங்கா அரிஞ்சேன். நல்லா தீட்டின லட்சணம், போ! புளிப்பு பட்டதும் கறை கறையா, அலை அலையா கெளம்பிடுச்சு. சாம்பல் போட்டுத் தேச்சு என் கை தேஞ்சதுதான் மிச்சம், ஒரு கோடுகூட போவமாட்டேங்குது!"