பெல்ஜியம் ஓட்டிய மரக்கறி வான்

லண்டனில் அவரைவிட மெதுவாக வான் ஓட்டிய மனிதன் இன்னும் பிறக்கவில்லை. அதே மனிதர் ஒரு காலத்தில் மோட்டார்ப் பந்தயக்காரர். இரண்டும் உண்மை.

நாங்கள் அவரைப் பெல்ஜியம் என்போம். அது அவருடைய நாடு. பெயர் வேறு. முதல் நாள் முதலாளி அந்தப் பெயரைச் சொல்ல முயன்றார். பாதியில் இருமல் வந்துவிட்டது. "பெல்ஜியம் போதும்" என்றார். அதுவே நிலைத்தது.

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் மொத்தக் கடை. மரக்கறி, அரிசி, தேங்காய். அங்கிருந்து லண்டன் முழுக்கத் தமிழ்க் கடைகளுக்குப் போகும். எனக்கும் அவருக்கும் சேர்த்து ஒரு வான். காலையில் அவர் ஓட்டுவார். மத்தியானத்துக்குப் பிறகு நான்.

அவருக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றுதான். ஸ்டியரிங். மனைவி விட்டுப் போனபோது அழவில்லையாம். வீடு போனபோதும் அழவில்லையாம். ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாத ஒரு நாள் வந்துவிடுமோ என்பதுதான் அவருடைய ஒரே பயம். அந்த நாள் இல்ஃபோர்ட்டில் வந்தது. அதைச் சொல்லத்தான் தொடங்கினேன்.

பந்தயக்காரன் என்றதும் முதலாளிக்கு நல்ல சந்தோசம். இரண்டு நாளில் அது போய்விட்டது.

"பந்தயக்காரன் எண்டால் பறப்பான் எண்டு நினைச்சன். இவன் பிரேதம் கொண்டுபோற மாதிரியெல்லோ ஓட்டுறான்!"

பெல்ஜியம் கோபப்படவில்லை. "முதலாளி, இருபத்துநாலு மணித்தியாலம் ஓட வேணும். முதல் மணித்தியாலமே பறக்கிறவன் விசரன்."

"இது இல்ஃபோர்ட் ஐசே! ஒண்டரை மணித்தியாலம்!"

"அண்டைக்குப் பந்தயத்திலயும் சிலபேர் இப்பிடித்தான் சொன்னவங்கள். அவங்கட கார் எரிஞ்சது."

தமிழ் எங்களிடம்தான் பழகினார். கெட்ட வார்த்தை முதலில். மற்றவை பிறகு. அவர் "ஏலாது" என்று சொன்னால் பருத்தித்துறை ஆள் சொன்னதுபோல் இருக்கும். டெலிபோனில் கேட்டவர்கள், "தம்பி ஊரில எவடம்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அவர் ஓடியது நீண்ட பந்தயங்கள். ஒரு காரை மூன்று பேர் மாறி மாறி ஓட்டுவார்கள். பெயர் எடுத்தவர்கள் வெயிலில் தொடங்குவார்கள். கொடி விழும்போதும் அவர்கள்தான் இருப்பார்கள். நடுவில் வரும் இரவும் மழையும் பனிப்புகாரும் பெல்ஜியத்துக்கு. "படம் எடுக்கிறவங்கள் குறட்டை விடுற நேரம்தான் என்ர நேரம்" என்பார். அதனால் அவர் ஓட்டும் படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. காருக்குப் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று இருந்தது. அதிலும் பாதி முகத்தை ஒருவனுடைய குடை மறைத்திருந்தது.

ஒருமுறை அவர்கள் பிரிவில் முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தார்கள். முடிய ஒரு மணித்தியாலம் இருக்கும்போது கியர் பெட்டி உடைந்தது. அப்போது ஓட்டியவர் இவர் இல்லை.

"ஆர் உடைச்சது?" என்று கேட்டேன்.

"கியர் பெட்டி."

"ஓட்டினது ஆர்?"

"தம்பி, கியர் பெட்டிதான் உடைஞ்சது."

அந்த ஆளின் பெயரை அவர் எனக்குக் கடைசிவரை சொல்லவில்லை.

வயது போனது. முதலில் பந்தயக் கார் ஓட்டினார். பிறகு பந்தயக் காரை ஏற்றும் லொறி ஓட்டினார். அந்தப் பந்தயக் கூட்டம் இங்கிலாந்தில் கலைந்தது. பிறகு வெண்டிக்காய் ஏற்றும் வான் ஓட்டினார். இதைச் சொல்லும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது. "எல்லாத்துக்கும் நாலு சில்லு" என்பார். லொறிக்கு அதிகம் இருக்குமே என்று நான் கேட்கவில்லை.

வானில் சாமான் ஏற்றுவது பெரிய சடங்கு. அரிசி மூட்டை நடுவில். பூசணிக்காய் கீழே. முருங்கைக்காய் ஓரத்தில். பலாப்பழத்தைப் பின்கதவுப் பக்கம் வைத்தால் இறக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

"பின்னுக்குப் பாரம் கூடினால் வளைவில வால் ஆடும்."

"நீங்கள் போற வேகத்துக்கு நாய்க்குட்டி வால்கூட ஆடாது" என்று முதலாளி உள்ளே இருந்து கத்துவார்.

ஆள் மாறுவது இன்னும் மோசம். மத்தியானம் வான் வந்து நிற்கும். நிற்கும் முன்னமே கதவு திறக்கும். அவர் வெளியே குதிப்பார். என்னை உள்ளே தள்ளுவார். தன் கையாலேயே எனக்குப் பெல்ட் போட்டு இழுப்பார். சோறு தொண்டைக்கு வரும். அது பந்தய வழக்கம். இறங்குகிறவன் ஏறுகிறவனுக்குக் கட்டிவிட வேண்டும். பிறகு காதுக்குள் அறிக்கை. "முன் இடது சில்லு சத்தம் போடுது. பிறேக் நல்லம். டூட்டிங்கில மழை." கதவை அடித்துச் சாத்துவார். நான் முதலில் போக வேண்டிய இடம் எதிரே இருந்த கடை. ரோட்டைக் கடந்தால் வந்துவிடும். தெருவில் போனவர்கள் நின்று பார்ப்பார்கள்.

அவர் வழிகாட்டிப் பெட்டி பாவிப்பதில்லை. பந்தயக்காரன் ரோட்டை மனத்தில் வைத்திருப்பானாம். எந்த மரத்தடியில் பிறேக் பிடிப்பது, எந்தத் தூணில் விடுவது என்று அவனுக்கு அடையாளம் இருக்கும். அவர் லண்டனையும் அப்படித்தான் பாடமாக்கி வைத்திருந்தார். லூயிஷாமில் ஒரு தபால் பெட்டி வந்தால் மிதியிலிருந்து காலை எடுப்பார். ஒரு பள்ளிக்கூட வேலியில் மெல்லத் திருப்புவார். இல்ஃபோர்ட்டில் எங்கள் அக்காவின் கடைக்கு முன்னால் மஞ்சள் போர்ட். அதைக் கண்டதும் பிறேக். வான் கடை வாசலில் முத்தமிட்டதுபோல் நிற்கும்.

அக்கா அவருக்கு அக்கா இல்லை. அவரைவிட நன்றாக இளையவர். நாங்கள் எல்லோரும் அக்கா என்பதால் அவரும் அக்கா என்றார்.

"என்ர அப்பா வயசில நிண்டுகொண்டு அக்கா எண்டுறியள். சனம் என்ன நினைக்கும்?"

"தேத்தண்ணி தாறவ எல்லாரும் அக்காதான்."

திட்டிக்கொண்டே தேத்தண்ணி கொடுப்பார்.

சில மாதங்களாக அவர் பொருட்களில் முட்டத் தொடங்கினார். ஒரு நாள் கடையில் தொங்கிய வாழைக்குலையில் தலையை இடித்துக்கொண்டு, "சொறி அண்ணை" என்று மன்னிப்புக் கேட்டார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவரும் சிரித்தார். அதன்பிறகு முதலாளிக்கும் நாங்கள் வாழைக்குலை என்று பெயர் வைத்தோம். அவர் பக்கத்தில் வந்து கை நீட்டினாலும் பெல்ஜியம் அந்தக் கையைக் காண்பதில்லை. பகிடி விடுகிறார் என்று நினைத்தோம்.

இல்ஃபோர்ட்டுக்கு அன்று நானும் போனேன். சாமான் அதிகம், இறக்க இன்னொரு ஆள் வேண்டும். வழக்கம்போல் மெல்லப் போனார். கடை வந்தது. அவர் பிறேக் பிடிக்கவில்லை.

"அண்ணை, கடை!" என்றேன்.

வான் மெதுவாக நடைபாதையில் ஏறியது. மெதுவாகத் தக்காளிப் பெட்டிகளில் ஏறியது. எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. பிறகு நின்றது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. தக்காளிக்குத்தான்.

அக்கா ஓடி வந்தார். "என்ன அண்ணை இது? கண் தெரியேல்லையோ?"

அவர் இறங்கினார். கடையை அண்ணாந்து பார்த்தார். இடமும் வலமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மஞ்சள் போர்ட் எங்க?"

"மகள் மாத்திப்போட்டாள். கறுப்புத்தான் இப்ப வடிவாம். நான் போர்ட்டை மாத்தினதுக்கு நீங்கள் ஏன் தக்காளிக்கு மேல ஏறினனீங்கள்?"

"மஞ்சள்தான் என்ர பிறேக், அக்கா."

அக்காவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

அவர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். கண்ணுக்குள் பிரஷராம். பக்கத்தில் இருந்து இருட்டு வருகிறதாம். குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல் நேரே மட்டும் கொஞ்சம் தெரியுமாம். சோதிக்க வரச்சொல்லி டொக்டர் கூப்பிட்டிருக்கிறார். இவர் போகவில்லை.

"போனால் ஓட்டாதை எண்டு சொல்லுவாங்கள்" என்றார். "அதுதான் போகேல்லை."

அவ்வளவு நாளும் அவர் பாதி ரோட்டைக் கண்ணால் ஓட்டவில்லை. ஞாபகத்தால் ஓட்டியிருக்கிறார்.

அக்கா உள்ளே போய் அவர் உட்காரக் கதிரை கொண்டுவந்தார். தேத்தண்ணி கொண்டுவந்தார். பிறகு அவருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு சொன்னார்: "அண்ணை, பழைய போர்ட் பின்னுக்குத்தான் கிடக்கு. மகளுக்கு நான் சொல்லுறன். நாளைக்கே திருப்பி மாட்டுவிக்கிறன்."

பெல்ஜியம் அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஒரு நொடி அவர் ஓம் என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"அக்கா," என்றார், "தக்காளிக்குப் பக்கத்தில ஒரு பிள்ளை நிண்டிருந்தால்?"

தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். என்னை ஓட்டும் சீட்டில் ஏற்றினார். பெல்ட் போட்டுவிட்டார். கொளுவும் இடத்தை அவருடைய கை தடவித் தேடியது. பிறகு அறிக்கை.

"சில்லு நல்லம். பிறேக் நல்லம். ஓட்டினவன் சரியில்லை."

கதவை அடிக்கவில்லை. மெதுவாகச் சாத்தினார்.

அடுத்த கிழமை டொக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பயந்ததையே டொக்டர் சொன்னார். லைசன்ஸைப் பெல்ஜியம் தானே கவரில் போட்டு அனுப்பினார். முத்திரையைக் கோணலாக ஒட்டினார். நான் திருத்தவில்லை.

முதலாளி சேதி கேட்டுவிட்டு வெங்காயத்தைக் கிளறிக்கொண்டு நின்றார். வெங்காயத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. "அவனை மாதிரி மெல்ல ஓட்டுற ஒருத்தன் இனிக் கிடைக்கமாட்டான்" என்றார். பெல்ஜியத்துக்குக் கடைக்குள் வேலை கொடுத்தார். அவர் சாமானை வகை பார்க்காமல், தட்டுகளில் பாரம் சமப்படுத்தி அடுக்கினார். கடலை மாவு எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முதலாளி கத்தவில்லை. அது பெல்ஜியத்துக்குத் தாங்கவில்லை.

"இவர் என்னை ஏசுறேல்லை, தம்பி" என்றார் என்னிடம். "நான் முடிஞ்சுபோனன் எண்டு அர்த்தம்."

பெல்ஜியம் நாட்டில் அவருக்கு ஒரு தங்கச்சி இருந்தார். வரச்சொன்னார். இவர் ஓம் என்றார். லண்டன் விக்டோரியாவில் அங்கே போகும் பஸ் ஏற வேண்டும். முதலாளி வானைத் தந்தார். பைநிறைய முறுக்கும் தந்தார்.

இந்தமுறை அவர் பக்கத்துச் சீட். டூட்டிங் தாண்டும்வரை என்னை உரித்தார்.

"பிறேக் பிந்துது. உந்த பஸ்ஸுக்குப் பின்னால ஏன் ஒட்டுறாய்? கியர் அழுகுது, கேக்கேல்லையோ?"

"கேக்குது அண்ணை."

பால்ஹமில் கொஞ்சம் அடங்கினார். வெளியே பார்த்தார். எவ்வளவு தெரிந்ததோ தெரியாது. பேச ஏதாவது வேண்டுமே என்று கேட்டேன்.

"அந்தப் பந்தயத்தில மற்ற ஆள் ஓட்டேக்க நித்திரை கொள்ளுவியளோ?"

"கட்டில் தருவாங்கள். போர்வையும் தருவாங்கள். ஒருநாளும் கொண்டதில்லை."

"ஏன்?"

"காரை அவன் எல்லோ வைச்சிருக்கிறான். எப்பிடி நித்திரை வரும்?"

கிளபாமில் பேச்சு நின்றது. ஏச்சும் இல்லை. வளைவொன்றில் நான் கொஞ்சம் வேகமாகத் திருப்பினேன். அதற்கும் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் பாதி திறந்த நித்திரை. மடியில் முறுக்குப் பை.

செல்சி பாலம் தாண்டி விக்டோரியா வந்தது. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நிறுத்த இடமும் இருந்தது.

நான் நிறுத்தவில்லை. மெல்ல இன்னொரு சுற்றுப் போனேன்.