கண் தோற்ற படலம்

மனிதருக்குக் கண்கள் இரண்டு என்பதை மெல்லோபுரூக் காப்பீட்டு நிறுவனம் ஒருபோதும் மறுத்ததில்லை. அந்த இரண்டும் ஒரே ஆளுடையவைதானா என்பதில்தான் மேற்படி நிறுவனத்துக்குச் சற்றே ஐயம்.

அடுத்த வீட்டு மாவிஸ் ஷ்ரோடருக்கு வலது கண் தக்காளிப் பழமாகச் சிவந்தபோது அந்த ஐயம் ஓஹையோ மாநிலத்து எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. மாவிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பனியிலும் அவள் பேருந்து தாமதித்ததாகச் சரித்திரம் இல்லை. கண்ணுக்குள் அழற்சி என்றார் டாக்டர் ஹாலோரன். ஸ்டீராய்டு சொட்டு மருந்து போட்டால் அடங்கும், விட்டால் பார்வை போகும், ஆறும் வரை பேருந்தைத் தொடக்கூடாது என்றார். மலிவு மருந்து ஒன்று உண்டு. முன்பு இடது கண்ணுக்கு அதைப் போட்டுத்தான் கண்ணின் அழுத்தம் ஏறியது; பார்வை போகாதது அருந்தப்பு. ஆகவே மென்மையான, விலை கூடிய மருந்தை எழுதிக் கொடுத்தார்.

மருந்துக்கடையில் கையை விரித்தார்கள். "காப்பீடு ஒத்துக்கலை." மாவிஸ் தன் சமையலறையில் உட்கார்ந்து நிறுவனத்தை அழைத்தாள். துணைக்கு நானும், ஒரு பானை காப்பியும். காத்திருக்கும்போது போடும் புல்லாங்குழல் எனக்கே மனப்பாடமான பிறகு டெனீஷா என்ற பெண் வந்தாள்.

"மேடம், எங்க படிப்படி சிகிச்சைத் திட்டத்தின்படி நீங்க முதல்ல மலிவு மருந்தைப் போட்டு, அது பலிக்காம, அதுல தோத்தாகணும். ரெண்டு வாரம்."

"நான்தான் அதுல ஏற்கெனவே தோத்தாச்சே, தங்கம்!"

"அது இடது கண், மேடம். இப்ப விண்ணப்பிச்சிருக்கறது வலது கண்."

"ரெண்டும் ஒரே மூக்குக்கு ரெண்டு பக்கமும்தாம்மா இருக்கு!"

"மூக்கு வேற பிரிவு, மேடம். அதோட, அப்ப நீங்க வேற நிறுவனத்துல இருந்தீங்க. அங்க தோத்தது இங்க செல்லாது. எங்ககிட்ட தோக்கணும்."

நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். தோற்றால் விரல் முட்டியில் அளவுகோல் விழும். தோற்றால் பரிசு கொடுக்கும் பள்ளிக்கூடம் ஒன்று உலகத்தில் இருப்பது தெரிந்திருந்தால் அப்பாவிடம் சொல்லி அங்கேயே சேர்ந்திருப்பேன்.

டாக்டர் ஹாலோரன் மேல்முறையீடு செய்தார். அவருக்குச் சமமான நிறுவனத்து மருத்துவர் ஒருவரோடு பேசலாம் என்று நிறுவனம் பெருந்தன்மையோடு ஏற்பாடு செய்தது. சமமான மருத்துவர் ஆயுள் முழுக்கக் கால் ஆணிக்கு வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். "நோயாளி நடக்கிறாரா?" என்று கேட்டாராம். நடக்கிறார் என்றதும் "அப்படியென்றால் அவசரமில்லை" என்று தீர்ப்பளித்துவிட்டார்.

அன்று மாலையே நிறுவனத்தின் நலவாழ்வு ஆலோசகர் மாவிஸுக்குத் தாமாகவே போன் செய்தார். இந்தக் காலத்தில் மருந்துக்குத்தான் பஞ்சம், நலவாழ்வுக்கு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஏரியை நினைக்கச் சொன்னார்.

"கண்ணைத் தொறந்தாலும் ஏரி மாதிரிதான்யா தெரியுது, ஒரே கலங்கல்!" என்று மாவிஸ் வைத்துவிட்டாள். என் பக்கம் திரும்பினாள். "ஏடி, அந்தப் பேருந்தை இப்ப ஒரு பொடிப்பய ஓட்டறான். நேத்து ரிக்கெட்ஸ் வீட்டு அஞ்சல்பெட்டியை இடிச்சுட்டான். எனக்குக் கண்ணு போனா வேற என்ன வேலைடீ தெரியும்?"

மறுபடி டெனீஷா. இந்த முறை மாவிஸ் சண்டை போடவில்லை.

"தங்கம், நான் தோக்கறதுக்குத் தயார். எவ்வளவு சீக்கிரம் தோக்கலாம்?"

டெனீஷா குரலைத் தாழ்த்தினாள். "மேடம், இந்த உரையாடல் பதிவாகுது. அதனால நான் ஒண்ணும் சொல்லலை. மலிவு மருந்தை வாங்கினா எங்க கணினியில தெரியும். போட்டீங்களான்னு பாக்க எங்ககிட்ட ஆள் கிடையாது. கண்ணு தாங்கலைன்னு சொன்னா அழுத்தறதுக்கு எங்கிட்ட ஒரு பொத்தான் இருக்கு."

மாவிஸ் மலிவு மருந்தை வாங்கினாள், திறக்காமலே குளிர்பெட்டியில் கடுகுச் சாஸுக்குப் பக்கத்தில் வைத்தாள், போன் செய்தாள்.

"தோத்துட்டேன்."

"வாழ்த்துகள், மேடம்!" என்றாள் டெனீஷா. மனதார.

நல்ல மருந்து வந்தது. கண் தெளிந்தது. மாவிஸ் மறுபடி பேருந்தில் ஏறினாள். பொடிப்பயலை மைதானத்தில் புல் வெட்ட அனுப்பினார்கள்.

இவ்வளவு நல்ல செய்தி ஒரு தெருவில் தங்குமா? தேவாலய வாசலிலும் முடிதிருத்தும் கடையிலும் பரவி, ஊரே தோற்கக் கற்றுக்கொண்டது. கண் சிவந்தவர்கள் எல்லாம் மலிவு மருந்தை வாங்கிக் குளிர்பெட்டியில் அடுக்கிவிட்டு, கண்ணியமாகத் தோற்றார்கள். என் கணவர் காலையில் தோற்று மதிய உணவுக்குள் வெற்றி பெற்றார். அதுவரை ஊரில் யாரும் அப்படிச் செய்ததில்லை என்று அவருக்கு ஒரே பெருமை.

நிறுவனம் இதை உன்னிப்பாகக் கவனித்தது. எங்கள் வட்டாரத்தில் மலிவு மருந்து ஒருவருக்குமே பலிக்கவில்லை என்பது புள்ளிவிவரத்தில் தெளிவானது. உறுப்பினர் நலனை முன்னிட்டு அந்தப் பயனற்ற மருந்தை எங்கள் வட்டாரத்தில் அடியோடு நிறுத்திவிட்டது.

இலையுதிர் காலத்தில் மாவிஸின் இடது கண் சிவந்தது.

"எங்ககிட்ட நீங்க தோத்தது வலது கண், மேடம். இடது கண்ணும் முதல்ல மலிவு மருந்துல தோக்கணும்" என்றாள் டெனீஷா.

"குடு, வாங்கிக்கறேன்."

"அது உங்க ஊருக்கு இனிமே கிடையாது."

"அப்ப நல்லதைக் குடு."

"மலிவு மருந்துல தோக்காம எப்படி மேடம் குடுக்கறது?"

"தோத்துட்டேன்னு வெச்சுக்கோயேன்!"

"வாங்கவே இல்லாம எப்படித் தோப்பீங்க?" டெனீஷாவின் குரலே அழுகிற மாதிரி இருந்தது. "மேடம், எங்கிட்ட இருந்த பொத்தானையும் எடுத்துட்டாங்க."

மாவிஸ் பேருந்துச் சாவியை ஒப்படைத்தாள். பொடிப்பயல் திரும்பி வந்தான்.

போன வாரம் நகர மண்டபத்தில் நிறுவனம் விழா எடுத்தது. ஒரு மாதமாக எங்கள் வட்டாரத்தில் ஒரு சொட்டுக் கண் மருந்துகூட வழங்க நேரவில்லை. ஆகவே கண் அழற்சி இங்கே முற்றாக ஒழிந்துவிட்டது என்று துணைத்தலைவர் அறிவித்தார். முழுக் குணமடைந்த முன்மாதிரி உறுப்பினர் என்று மாவிஸை மேடைக்கு அழைத்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தவளை, படி தெரியாததால், துணைத்தலைவரே கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார்.

நாங்கள் எல்லாரும் சிவந்த கண்களோடு எழுந்து நின்று கைதட்டினோம். டோனட் இலவசம் என்று சொல்லியிருந்தார்கள்.