அத்தான் சிரித்த விவரம்

அன்பு மருமகன் புவனேஷுக்குத் தென்காசியிலிருந்து தாய்மாமன் ஜெகதீஸ்வரன் எழுதிக்கொள்வது. இங்கே சாரல் சுகம், அருவியில் தண்ணீர் சுகம், அதற்குத் தக்கபடி நாங்களும் சுகம். அங்கே தோஹா வெயிலோடு நீயும் சுகமாக இருக்க வேண்டியது.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று, உன் அப்பாவை பைபாஸ் ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போதே நான் சொல்லிவிட்டேன். கால்ல இருக்க ரத்தக்குழாயை எடுத்து நெஞ்சுல வச்சா, நெஞ்சுக்கு எங்கயாவது நடந்து போயிரலாம்னு தோணும், காலுக்கு அழுகை வரும்னேன். நர்ஸ் சிரிச்சா. இப்ப என்னாச்சு? வீட்டுக்கு வந்ததிலிருந்து அத்தான் பேப்பர் பாக்கல, மீசை ஒதுக்கல, ஃபேனையே பாத்துக்கிட்டுக் கிடக்காரு. நீ போன்ல கேட்டா உங்கம்மா 'நல்லாருக்காவ, தூங்குதாவ'ன்னுதான் சொல்லுவா. நான் வாயைத் திறந்தாலே 'புளுகாதலே'ம்பாரில்லையா, அன்னைக்கு ஆலங்குளம் பஸ்ஸை ஒத்தக் கையால தள்ளி ஸ்டார்ட் பண்ணினேன்னு சொல்லுதேன், 'சரிப்பா'ன்னுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

ஹார்ட் டாக்டர்ட்ட ஓடினேன். பெரிய ஆபரேஷன் ஆன வயசானவங்களுக்கு மனச்சோர்வு வாரது சகஜம்தான், ஆனா அப்படியே விட்டா ஹார்ட்டையும் கெடுக்கும், மனநல டாக்டர்ட்ட காட்டுங்க, குணமாயிரும்னாரு. அத்தான் கேக்கணுமே! 'நெஞ்சைக் கிழிச்சது பத்தாதா, மண்டையையும் கிழிக்கணுமா? வரமாட்டேன்.'

சரி, தனியாக் கிடந்தா அப்படித்தான்னு, தெருவெல்லாம் சொல்லி நானே ஆளை வரவழைச்சேன். வந்தாங்க, ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலோட. எதிர்வீட்டுப் பேராச்சி மதினி உக்காந்ததும் உக்காராததுமா, 'எங்க சித்தப்பாவுக்கும் இதே ஆபரேஷன்தான் அண்ணாச்சி. நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாவ. காப்பி குடிச்சாவ. டம்ளரைக் கீழ வச்சாவ, ஆளு இல்ல'ன்னா. அந்த நேரம் பாத்து அக்கா காப்பியோட வாரா. அத்தான் வேண்டாம்னுட்டாரு. பக்கத்துல இருந்த கோமதிசங்கர், 'உங்க சித்தப்பாவாவது காப்பி குடிச்சாரு, ஆபரேஷன் டேபிள்லயே போன எங்க மச்சானுக்கு அதுகூடக் கொடுத்துவைக்கல'ன்னான். அக்கா எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினா. என்னையும் சேத்துத்தான்.

பிறகுதான் என் மூளை வேலை செஞ்சது. கார் பிடிச்சு அத்தானைக் குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். தையல் போட்ட நெஞ்சுல அருவி அடிக்கப்படாதுல்லா? அதனால அவரை ஓரமா ஒரு கல்லுல குடையோட உக்காத்தி வச்சுட்டு, அவருக்குப் பதிலா நான் எண்ணெய் தேச்சுக்கிட்டேன். தேச்சுவிட்ட ஆளு என் முதுகுல போட்டானே ஒரு போடு, செங்கோட்டையில கேட்டிருக்கும். நான் 'யாத்தே'ன்னு துள்ளி, வழுக்கி, எண்ணெய்ச் சட்டியில போய் உக்காந்துட்டேன். எந்திரிக்கதுக்குள்ள ஒரு குரங்கு என் சட்டையைத் தூக்கிட்டு மரத்துல ஏறிட்டு. மருமகனே, அத்தான் சிரிச்சாரு பாரு! குடை ஆடுது, வயித்தைப் பிடிக்காரு, கண்ணுல தண்ணி, அருவிச் சத்தமே அடங்கிப்போச்சு. அதோட நோய் விட்டுது. இனி எந்த டாக்டரும் வேண்டாம். லீவுக்காக நீ அங்கன மேனேஜர்ட்ட தொங்கவும் வேண்டாம். அடுத்த வருசம் மெதுவா வந்தாப் போதும்.

இதை நம்ம தெரு அப்துல் மஜீது லீவு முடிந்து தோஹா திரும்பும்போது கொடுத்தனுப்புகிறேன். அவனுக்கு ஒரு வேளைச் சோறு போடு. குற்றாலநாதர் உன் அறை ஏசி கெடாமல் காப்பாராக.

இப்படிக்கு,
எல்லாம் முன்கூட்டியே அறிந்த மாமன்,
ஜெகதீஸ்வரன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை உங்கம்மா வாசிச்சுப் பாத்து, 'இது போதும், பிள்ளை நிம்மதியா இருப்பான்'னுட்டு அடுக்களைக்குப் போயிருக்கா. இது அவளுக்குத் தெரியாம எழுதுதேன். எண்ணெய்ச் சட்டி நெசம். குரங்குகூட நெசம். அத்தான் சிரிச்சது மட்டும் நான் சேத்தது. அவரு என்னைப் பாக்கவே இல்ல. அருவியையே பாத்துக்கிட்டிருந்துட்டு, 'புவனேஷ் எப்பலே வருதான்?'னு கேட்டாரு. வீட்டுக்கு வந்ததுக்கப்புறம் அவரா வாய் திறந்து கேட்டது இது ஒண்ணுதான். 'அவன் வந்தா அந்த மனநல டாக்டர்ட்ட வருவீயளா அத்தான்?'னேன். குடையை மடக்கிக்கிட்டே, 'அவன் கூட்டிட்டுப் போனா வாரேன்'னாரு. மேனேஜர்ட்ட தொங்கு. டிக்கெட்டைப் போடு.