பிரிக்காத தபால்

"நாளைக்கு ஹெட் ஆபீஸ்லேருந்து ஆள் வருதாம். இப்பத்தான் போன் வந்துச்சு" என்று மேனேஜர் சொன்னதும் தபால் குமாஸ்தா தன் மேசைக்கு ஓடினார்.

அவருடைய அடி டிராயரில் எட்டு மாதத் தபால் பிரிக்காமல் கிடந்தது. பிரித்தால் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் யாராவது பதில் எழுத வேண்டும். எதற்கு வம்பு? பதில் போகாவிட்டால் இன்னொரு தபால் வரும், அதையும் பிரிக்காமல் விட்டால் போயிற்று என்று நிம்மதியாக இருந்துவிட்டார். இப்போது மாட்டினால் வேலை போய்விடும். மகள் கல்லூரியில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

டிராயரைக் காலி செய்து எல்லாவற்றையும் பீரோவில் திணித்தார். கதவு மூடவில்லை.

"அம்மா தாயே, இதுல பாதியை உங்க மேசைக்கடியில போட்டுக்கங்க" என்று டைப்பிஸ்டிடம் கெஞ்சினார்.

"போட்டுக்கறேன். ஆனா நான் டைப் அடிக்காம வச்சிருக்கிற பேப்பர் கட்டுங்களையெல்லாம் நீங்க வாங்கிக்கணும்."

பாதியைக் கொடுத்துவிட்டு இரண்டு மடங்கு வாங்கி வந்தார். அதைப் பார்த்த ஸ்டோர்கீப்பர் கணக்கில் ஏற்றாத பில்களை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து இறக்கினார்.

"நான் என்ன குப்பைத் தொட்டியா?"

"சேச்சே, நீங்க சீனியர்ண்ணே."

இருபத்திரண்டு வருட சர்வீஸில் அவர் இவ்வளவு வேலை பார்த்ததே இல்லை. மூச்சு வாங்க மேனேஜர் அறைக்கு ஓடினார்.

"சார், உங்க ரூம்ல கொஞ்சம்..."

"இடமில்லய்யா. என்னோடதே இங்கதான் கிடக்கு."

கடைசியில் சாக்கை மேசைக்கடியில் தள்ளி, மிச்சத்தை நாற்காலியில் அடுக்கி, மேலே துண்டை விரித்து உட்கார்ந்து பார்த்தார். கால் தரையில் படவில்லை. மறுநாளும் அப்படியே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஹெட் ஆபீஸிலிருந்து வந்தவர் முதலில் மேசைகளை எண்ணினார். பிறகு நேராக இவரிடம் வந்தார்.

"கொஞ்சம் எழுந்திருங்க சார்."

"முதுகுப் பிடிப்பு. எழுந்தா உக்கார முடியாது."

"பரவால்ல, எழுந்திருங்க."

எழுந்தார். கவர்கள் சரிந்து தரையெல்லாம் பரவின. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"மன்னிச்சிடுங்க சார். இன்னிக்கே பிரிச்சுடறேன். ரிப்போர்ட்ல மட்டும் எழுதிடாதீங்க, இந்த வேலையை விட்டா எனக்கு வேற வழியில்ல."

வந்தவர் கவர்களைக் காலால் ஒதுக்கிவிட்டு, நாற்காலியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"சாமான் ஏத்த வந்தவன் சார் நான், எனக்கென்ன ரிப்போர்ட்டு? இந்த ஆபீசை மூடறோம், வேற கிளைக்கு மாத்தல் வேணும்கிறவங்க போன மாசத்துக்குள்ள எழுதிக் கேளுங்கன்னு உங்களுக்கு மூணு தபால் போட்டாங்களாமே?"