இளஞ்சிவப்பு அங்கி போட்ட வாழை

பெக்தோர்ப், யார்க்ஷயர்
பிப்ரவரி, உறைபனி நாள்

மரியாதைக்குரிய மார்ஜரி அண்ணிக்கு,

ஹெர்பர்ட்டின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் டெவனில் இப்போதே குரோக்கஸ் பூ பூத்துவிட்டதாகக் கேள்வி. இங்கே குழாய்த் தண்ணீர்கூட உறைந்து கிடக்கிறது. மற்றபடி நானும் வாழையும் நலம். வாழையின் நலத்தை முதலில் எழுதக் கூடாது என்று உட்காரும்போதே நினைத்தேன், கை முந்திக்கொண்டது.

என் பெண்டாட்டி எனிட் கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து என் தரப்பை யாரும் கேட்கவில்லை. அந்த வாழைக்கன்றைக் கொடுத்தது யார் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன், அண்ணி. நீங்கள்தான். "சும்மா வெச்சுப் பாருங்க ஹெர்பர்ட், உங்க ஊர்க் குளிருக்கு எங்க வரப்போகுது" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு இல்லையென்றால் நான் இவ்வளவு தூரம் போயிருக்கவே மாட்டேன். கோடையில் அது சமையலறை ஜன்னலைத் தாண்டி வளர்ந்தது. தெருவே வந்து பார்த்தது. காய் காய்க்காத ஜாதிதான், அதனால் என்ன? முப்பது வருஷம் பஸ் ஓட்டியவனை யாராவது வந்து பார்த்தார்களா?

பிறகு பனி வந்தது. இலைகளை வெட்டி, தண்டைச் சுற்றி வைக்கோல் திணித்து, மேலே வெள்ளைத் துணி சுற்றுவது இங்கே எல்லோரும் செய்வதுதான். எனக்கு அது போதுமென்று தோன்றவில்லை. படுத்தால் தூக்கம் வரவில்லை, எழுந்தால் வெப்பமானியைத்தான் பார்க்கிறேன். எனிட்டின் மின்சாரப் போர்வையை எடுத்துச் சுற்றினேன். அதற்கு மேல், கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அவளுக்குக் கொடுத்தீர்களே, பஞ்சு வைத்துத் தைத்த இளஞ்சிவப்பு அங்கி, அதைப் போட்டு நாடாவைக் கட்டினேன். குருத்துக்குள் மழை இறங்கினால் தண்டு அழுகிவிடும், ஆகவே உச்சியில் அவளுடைய சர்ச் தொப்பி. எனிட் கதவருகே நின்று பார்த்தாள். "எனக்குக் குளிருதுன்னு சொன்னப்ப இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கோன்னீங்க. இதுக்குக் கேக்காமலே போட்டுவிடுறீங்க. அந்த மரம் இந்தத் தோட்டத்துல இருக்கிற வரைக்கும் நான் இந்தப் படி மிதிக்க மாட்டேன்." அவ்வளவுதான், பெட்டியோடு கிளம்பிவிட்டாள். வாழை என்பது மரமே இல்லை, அது ஒரு செடி என்று ரயில் நிலையம் வரை சொல்லிக்கொண்டே போனேன். அதுவும் தப்பாகப் போயிற்று.

பக்கத்து வீட்டு ஆக்ராய்ட் அம்மாளை உங்களுக்குத் தெரியும். தினமும் காலையில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் தோட்டத்தைப் பார்த்து, "இன்னைக்குக் கொஞ்சம் குளிர்தான், இல்ல?" என்பார். எனக்குச் சொல்கிறார் என்று நான் உள்ளிருந்தே தலையாட்டுவேன். சில நாளில் வாசலில் உருளைக்கிழங்கு அடைத்துச் சுட்ட பலகாரம் ஒன்று, பிறகு ஆட்டுக்கறி ஸ்டியூ, பிறகு எலுமிச்சை கேக். பெண்டாட்டி இல்லாத மனிதன் என்று இரக்கப்படுகிறார்கள் என நினைத்து, எல்லாவற்றையும் சாப்பிட்டேன். கடைசியில் அந்த அம்மாள் கம்மிய குரலில் கேட்டார்:

"நாங்க எதுவும் கேக்கல ஹெர்பர்ட். ஆனா உள்ள கூட்டிட்டுப் போயிடலாமே."

"உள்ள வெச்சா கெட்டுப்போயிடும்மா. வசந்தம் வரைக்கும் அங்கயேதான்."

"ராத்திரியிலுமா?"

"ராத்திரிதான் முக்கியம். நாடாவை இறுக்கிக் கட்டியிருக்கேன்."

எங்கள் தெருவில் யாரும் எதையும் நேராகக் கேட்க மாட்டார்கள், கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். அந்த அம்மாள் நேராகப் போய்ப் பாதிரியாரிடம் சொல்லியிருக்கிறார். அவர் கொட்டும் மழையில் வந்து, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் தோட்டத்துக்குப் போய், அங்கியும் தொப்பியும் போட்ட அந்த 'எனிட்'டின் தலைக்கு மேல் குடையைப் பிடித்து, கணவனை மன்னிப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவதற்குள் காற்றில் தொப்பி பறந்து, கழுத்திலிருந்து வைக்கோல் கிளம்பியது. பாதிரியார் பார்த்தார். பார்த்துவிட்டு, பாதியில் விட்டால் மரியாதையாக இருக்காது என்று ஜெபத்தை முழுவதும் முடித்து, ஆமென் சொல்லிவிட்டு, "டீ கிடைக்குமா?" என்றார். வேலிக்கு அப்பால் ஆக்ராய்ட் அம்மாளும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். மறுநாள் வந்து கேக் தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணி, டீ போடும்போது இப்போதும் இரண்டு கோப்பைதான் எடுத்துவைக்கிறேன். ஒன்றைக் கழுவாமலே திரும்ப வைக்கிறேன். வெப்பமானி என்ன காட்டினாலும் இந்த வீடு குளிர்கிறது. நேரடியாகவே எழுதுகிறேன்: எனிட் இல்லாமல் எனக்கு முடியவில்லை. நாளைக் காலை ரம்பத்தை எடுத்து வாழையை அடியோடு அறுத்துவிடுகிறேன். இது உறுதி. அங்கியைச் சலவைக்குப் போட்டு, மடித்து, படுக்கையில் வைத்திருப்பேன். அவளைக் கையோடு ரயில் ஏற்றிவிடுங்கள்.

உங்கள் முழங்காலுக்கும், பூனைக்கும், வீட்டில் எல்லோருக்கும் கடவுள் சுகம் தரட்டும்.

பணிவுடன்,
ஹெர்பர்ட்

பி.கு.: காலையில் ரம்பத்தோடு போனேன். அறுப்பதற்கு முன் அங்கியைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். உள்ளே சுண்டுவிரல் அளவு பச்சைக் குருத்து. ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தேன். வாழை இந்தத் தோட்டத்தில் இருக்கும்வரை வரமாட்டேன் என்றுதானே எனிட் சொன்னாள்? இனி இங்கே இருக்காது. அவளை ரயில் ஏற்ற வேண்டாம். சனிக்கிழமை நானே வருகிறேன், ஜன்னலோரமாக இரண்டு இருக்கை பதிவு செய்தாகிவிட்டது. உங்கள் தெற்குச் சுவர் ஓரம் ஒரு குழி மட்டும் தோண்டி வையுங்கள். எனிட் கேட்டால், அவளுடைய அங்கியைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லுங்கள். அதை யார் போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.