ஒஸ்மோ வீட்டு நேரம்

இந்தச் சனிக்கிழமை பேருந்தைத் தவறவிட்டே தீருவது என்று ஒஸ்மோ முடிவுகட்டிவிட்டார். மற்றவர்கள் பேருந்தைப் பிடிக்கத்தான் திட்டம் போடுவார்கள். ஒஸ்மோவுக்குத் தவறவிடுவது கைவந்த கலை. நாற்பது வருட இல்லறத்தில் அவர் தவறவிடாத வண்டியே கிடையாது. ஆனால் என்ன சாபமோ, கடந்த மூன்று வருடமாக ஒரு வண்டியைக்கூடத் தவறவிட முடியவில்லை.

அன்று பக்கத்து ஊரான லெம்பாலாவில் மைத்துனி ஹெல்லிக்குப் பெயர்நாள்; நாட்காட்டியில் அவள் பெயருக்கென்று குறித்த நாள், பிறந்தநாள் மாதிரி விருந்து உண்டு. அங்கே தரும் காபியும் ஏலக்காய் ரொட்டியும் ஒஸ்மோவுக்குப் பிடிக்கும். சகலை ரைமோதான் தொல்லை. புதுக் கணினி வாங்கியிருக்கிறான். அது ஐந்து நொடியில் எழுந்துகொள்வதை வந்தவர்களுக்கெல்லாம் கைக்கடிகாரம் வைத்துக் காட்டுகிறான்.

ஒஸ்மோவின் மடிக்கணினிக்குப் பதினான்கு வயது. அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். அதிலும் கிழட்டு இயந்திரத்துக்கென்றே இளைக்க வைத்த வகை. உள்ளே கடிகாரத்தை ஓட்டும் பொத்தான் பேட்டரி செத்துப்போனதால், அணைத்து மறுபடி போட்டால் 2009 ஜனவரி முதல் தேதிக்குப் போய் நிற்கும். திரையின் மூலையில் இருக்கும் கடிகாரத்தைத் தட்டினால் நாட்காட்டிதான் விரியும். நேரத்தை மாற்ற வேண்டுமானால் கட்டளை அடிக்கும் கறுப்புச் சன்னலைத் திறந்து, கடவுச்சொல் கொடுத்து, தேதியையும் மணியையும் கையால் அடிக்க வேண்டும். இணையத்தில் சேர்த்தால் தானே நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். அவர் சேர்க்க மாட்டார்.

"என் நேரத்தை எவனோ எங்கேயோ உக்காந்து வெக்கிறதா?" என்பார்.

அதனால் தினமும் காலையில் சமையலறை மேசையில் உட்கார்ந்து, "ஐலா, மணி என்ன?" என்று மனைவியைக் கேட்பார். கைக்கடிகாரத்தை ஓய்வு பெற்ற அன்றே இழுப்பறையில் போட்டுவிட்டார். ஐலா ஃபோனைப் பார்த்துச் சொல்வாள். அவர் அடிப்பார். "இனிமே இந்த வீட்டுல உன் கம்ப்யூட்டர் காட்டுறதுதான் நேரம்" என்று மூன்று வருடத்துக்கு முன்பே அவள் பட்டம் கட்டிவிட்டாள். அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

நேரம் கைக்கு வந்த பிறகுதான் நாடு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. ரேடியோச் செய்தி கால் மணி தாமதம். பேருந்து கால் மணி தாமதம். அடுக்ககத்துக்குப் பொதுவான சௌனா என்ற நீராவிக் குளியலறையில் சனிக்கிழமை ஐந்து மணிக்கு இவர்கள் முறை. போய்த் தட்டினால் முந்தைய வீட்டார் இன்னும் உள்ளே வியர்த்துக்கொண்டிருப்பார்கள். இதையெல்லாம் பத்திரிகைக்கு எழுதினார். பேருந்துகள் நேரப்படியே ஓடுவதாக மரியாதையான பதில் வந்தது.

"பொய்யைக்கூட எவ்வளவு பணிவா எழுதுறானுங்க பாரு!"

"பாக்குறேன்" என்றாள் ஐலா.

சனிக்கிழமை காலை வந்தது.

"ஐலா, மணி என்ன?"

"ஒன்பதரை."

ஒஸ்மோ ஒன்பதே கால் என்று அடித்தார். பேருந்து இரண்டு ஐந்துக்கு. திரையில் இரண்டு என்று பார்த்துக் கிளம்பினால் உண்மையில் இரண்டே கால். நிறுத்தத்துக்கு நடக்க ஏழெட்டு நிமிடம்; கால் மணி தாமதமாக வரும் வண்டிகூட அதற்குள் போயிருக்கும். அடுத்த வண்டியில் போனால் சௌனாவுக்குத் திரும்ப முடியாது. சௌனா முறையை விட்டுக்கொடுக்கும் மனிதன் இந்த ஊரில் பிறக்கவில்லை.

ஐலா காபியை வைத்தாள். திரையைப் பார்த்தாள். ஃபோனைப் பார்த்தாள்.

"என்ன, ரைமோ வீட்டுக்குப் போறோம், இன்னைக்குப் பெருமூச்சையே காணோம்?" என்றாள்.

"சும்மாதான்."

"நீ சும்மா இருந்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

திரையில் இரண்டு மணி ஆனதும் கோட்டு மாட்டிக் கதவருகே நின்றாள். அவருடைய பூட்ஸைக்கூட எடுத்து வைத்திருந்தாள். தெருவில் வழக்கத்தைவிட வேகமாக நடந்தாள். கையில் ஹெல்லிக்கு வாங்கிய பூச்செடி காற்றில் ஆடியது.

போய்விட்ட வண்டிக்கு இப்படி ஓடுகிறாளே என்று ஒஸ்மோவுக்கு நெஞ்சு உறுத்தியது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் அப்பா அடக்கத்துக்கும் இப்படித்தான் ஓடினாள். அவர் காலுறை தேடியதில் ரயில் போய்விட்டது. போய்ச் சேர்ந்தபோது பெட்டியை இறக்கி மண்ணும் போட்டு மூடியாகிவிட்டது. ஐலா அன்றும் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று அவர் பலநாள் நினைத்ததுண்டு. இன்று அதே மனுஷியை வேண்டுமென்றே ஏமாற்றுகிறோமே. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஐலா, நில்லு. ஒரு விஷயம் சொல்லணும்..."

பேருந்து திருப்பத்தில் வந்து நின்றது.

ஒஸ்மோவுக்கு உயிர் வந்தது. "வழக்கம்போல லேட்டு! நல்லவேளை!" என்றார் ஓட்டுநரிடம்.

ஓட்டுநர் பெண் தன் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தைக் காட்டினாள். 14:05. "பேப்பர்ல எழுதுற ஒஸ்மோ நீங்கதானா?" என்றாள்.

இருக்கையில் உட்கார்ந்து விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் ஐலாவிடம்தான் வந்து நின்றது.

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா. கால் மணி நேரம் கூட்டித்தான் சொல்லுவேன்."

"அப்போ ரேடியோ?"

"சரியாத்தான் வருது."

"சௌனா?"

"பாவம், அவங்க முறையிலதான் அவங்க இருந்தாங்க. நீதான் கால் மணி முன்னாடியே போய்க் கதவைத் தட்டுவே."

ஒஸ்மோ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பிர்ச் மரங்களில் இலை மிச்சமில்லை. "அப்பாவோட அடக்கத்துக்கு அப்புறமா?" என்று மெல்லக் கேட்டார்.

"ம்."

"நான் இன்னைக்கு..."

"தெரியும்."

"எப்படி?"

"மூணு வருஷத்துல இன்னைக்குத்தான் உன் கடிகாரம் சரியான நேரம் காட்டிச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, நீ ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்கேன்னு."

ரைமோ அன்று கணினியை மூன்று தடவை எழுப்பிக் காட்டினான். ஒஸ்மோ மூன்று தடவையும் தலையாட்டினார்.

மறுநாள் அக்டோபர் கடைசி ஞாயிறு. குளிர்கால நேரத்துக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருந்தது. ஒஸ்மோவின் கணினி மட்டும் வழக்கம்போல 2009-இல் விழித்தது. அவர் கறுப்புச் சன்னலைத் திறந்தார்.

"ஐலா, மணி என்ன?"

"நெஜ மணி வேணுமா, நம்ம வீட்டு மணி வேணுமா?"

ஒஸ்மோ விரலை விசைப்பலகையில் வைத்தார்.

"நம்ம வீட்டு மணியே சொல்லு" என்றார். அவள் சொன்னதை ஒரு நிமிடம்கூடக் குறைக்காமல் அடித்தார்.